தாய்க்குச் சின்னச் சுட்டி, தந்தைக்கு ஒரு கோடு, குட்டிக்கு மட்டும் முகம் முழுக்க வெள்ளை. இது எப்படி?

செவலைக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெண் குதிரை ஆறு நாளுக்கு முன்பு விடியற்காலையில் ஈன்றாள். ஆண் குட்டி. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிட்டான். பால் நன்றாகக் குடிக்கிறான், மலமும் ஒழுங்காகப் போகிறது. என் கேள்வி அவன் முகத்தைப் பற்றியது.

தாய்க்குப் பழுப்பு உடல், கறுத்த பிடரி, கறுத்த வால். நெற்றியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சுட்டி. கால்களில் பேருக்குக்கூட வெள்ளை இல்லை. தந்தையும் அதே நிறம்தான். அவனுக்கு நெற்றியிலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு, ஒரு பின்னங்காலில் குளம்புக்கு மேலே கொஞ்சம் வெள்ளை.

குட்டி செவலை. பிடரியும் வாலும்கூடச் செவலை. நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலிருந்து கீழ்த்தாடை வரைக்கும் முகம் வெள்ளை. அந்த வெள்ளை வலது கண்ணைத் தாண்டிக் கன்னம் வரை போகிறது, அந்தக் கண் நீலம். இடது கண்ணைச் சுற்றி மட்டும் செவலை ஒரு வளையம் போல நின்றுவிட்டது, அந்தக் கண் வழக்கமான கறுப்பு. இடது நாசிக்கு மேலே, வெள்ளைக்கு நடுவில், தீவு மாதிரி ஒரு செவலைத் திட்டு. நான்கு காலிலும் வெள்ளை.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், முகமும் நான்கு காலும் வெள்ளை, பஞ்சகல்யாணி என்று சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் வேறு ஏதோ பொலிகுதிரை வேலி தாண்டி வந்திருக்கிறது என்கிறார்கள். அப்படி நடக்க வழியே இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் காட்ட ஆதாரம் இல்லை. இந்தப் பெற்றோருக்கு இப்படி ஒரு குட்டி பிறக்க முடியுமா? வளர வளர இந்த வெள்ளை பரவுமா, குறையுமா? நீலக் கண்ணில் பார்வை இருக்குமா?

இன்னொன்று. தாய் இன்னும் சில நாளில் மறுபடி பருவத்துக்கு வருவாள். அதே பொலிகுதிரையுடன் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். தாயை வாங்கும்போது வம்சாவளித் தாள் எதுவும் தரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


பழைய லாயம் எழுதியது:

தம்பி, குட்டி நல்லபடியாகப் பிறந்ததில் மகிழ்ச்சி. முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: இந்தப் பருவத்தில் சேர்க்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன், முழுக்கப் படியுங்கள்.

வேலி தாண்டிய கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டு பழுப்புக் குதிரைகளுக்குச் செவலைக் குட்டி பிறப்பது சாதாரணம். கறுப்பு நிறமியை உண்டாக்கும் மரபணுவின் வேலை செய்யாத பிரதியை இரண்டு பேரும் ஒன்று ஒன்று வைத்திருந்தால், நான்கில் ஒரு குட்டி செவலையாக வரும். இரண்டு செவலைகளுக்குப் பழுப்புக் குட்டி பிறந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

செவலையாகப் பிறந்ததே முகம் இவ்வளவு வெளுத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளைக் குறியைத் தரும் மரபணுக்கள் ஒரே மாதிரி இருந்தாலும், பழுப்பு உடலில் சின்னதாகத் தெரிவது செவலை உடலில் பெரிதாக விரியும். அரேபியக் குதிரைகளில் இதைக் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்கள். என் லாயத்திலும் பார்த்திருக்கிறேன்: ஒரே தாய், ஒரே தந்தை, பழுப்பாக வந்த அக்காளுக்கு நெற்றியில் சுட்டி, செவலையாக வந்த தங்கைக்கு நெற்றியிலிருந்து உதடு வரை அகலமான பட்டை.

ஆனால் நீலக் கண், கீழ்த்தாடை வரை வெள்ளை என்றால் அதற்கு மேலும் ஏதோ இருக்கிறது. தந்தையின் படத்தை எடுத்து அந்தக் கோட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே மெல்லியதாக ஓடி, மூக்குக்கு வந்ததும் அகலமாகிறதா? மேலுதட்டில் கொட்டியது போல நிற்கிறதா? அப்படியென்றால் ஸ்பிளாஷ் வகையாக இருக்கலாம். குதிரையின் தலையைக் கீழே பிடித்து வெள்ளைச் சாயத்தில் முக்கி எடுத்தது போல, வெள்ளை கீழிருந்து மேலே ஏறும். முகம், கால், வயிறு, அப்புறம் நீலக் கண். இந்த வகைக்கான மரபணு மாற்றங்கள் சிலவற்றை 2012-இல் வெளியிட்டார்கள். அதில் எஸ்.டபிள்யூ-1 என்பது பல இனங்களில் இருக்கிறது. ஒற்றைப் பிரதி மட்டும் இருந்தால் சில குதிரைகளில் வெறும் கோடாகத்தான் தெரியும், சிலவற்றில் முகமே வெளுத்துவிடும். வெளியே பார்த்து அளவு சொல்ல முடியாது.

பரவுமா என்று கேட்டீர்கள். பரவாது. பிறக்கும்போது உள்ள குறிதான் கடைசி வரை. மூன்று நான்கு மாதத்தில் குட்டி மயிர் உதிர்ந்து புது மயிர் வரும்போது செவலை நிறம் கொஞ்சம் மாறலாம், வெள்ளையின் எல்லை அப்படியே இருக்கும். வயது ஏற ஏற உடலே வெளுக்கும் குதிரைகள் வேறு ரகம், அதற்குப் பெற்றோரில் ஒருவராவது அந்த ரகமாக இருக்க வேண்டும். நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஈரத்துணியால் குட்டியின் நெற்றி ஓரத்தை நனைத்து மயிரைப் பிரியுங்கள். வெள்ளைக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அடியில் கறுத்த தோல், மேலே வெள்ளை மயிர் என்று ஒரு சாம்பல் கோடு தெரியலாம். நனைத்தால்தான் அது நன்றாகத் தெரியும். அந்த இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெந்துபோகும், துத்தநாகக் களிம்பு தடவிப் பழக்குங்கள்.

நீலக் கண்ணில் பார்வை நன்றாகவே இருக்கும்.

சரி, இப்போது ஏன் சேர்க்க வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன்.

பதினாறு வருடத்துக்கு முன்பு நான் ஒரு ஜோடியைச் சேர்த்தேன். பொலிகுதிரைக்கு முகம் முழுக்க வெள்ளை, பெண்ணுக்கு நெற்றியில் சாதாரணப் பட்டை. குட்டி முழு வெள்ளையாகப் பிறந்தது, இரண்டு கண்ணும் நீலம். நாங்கள் எல்லோரும் ஓடி வந்து பார்த்தோம், அவ்வளவு அழகு. எழுந்தது, மடியைத் தானே தேடிப் பிடித்தது, குடித்தது. மதியத்துக்கு மேல் வாலைத் தூக்கித் தூக்கி முக்கியது, ஒன்றும் வரவில்லை. எனிமா கொடுத்தேன், அப்போதும் வரவில்லை. சாயங்காலம் வைக்கோலில் உருள ஆரம்பித்தது, நடுநடுவே எழுந்து வந்து மறுபடி மடியைத் தேடியது. மருத்துவர் வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. குடலில் நரம்பு இல்லை, அறுவை செய்தும் பயனில்லை என்றார். அடுத்த நாள் காலையில் அவரே ஊசி போட்டு அதன் வலியை முடித்துவைத்தார். தாய் மூன்று நாள் அந்த வைக்கோலை விட்டு நகரவில்லை.

அதற்குக் காரணம் ஃபிரேம் ஓவெரோ என்ற வெள்ளை. ஒற்றைப் பிரதி இருந்தால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் முகத்தில் அகலமான வெள்ளை, பக்கவாட்டில் ஒழுங்கில்லாத திட்டுகள், நீலக் கண் என்று வரும். இரண்டு பிரதி சேர்ந்தால் குட்டி வெள்ளையாகப் பிறந்து சில நாளில் இறந்துவிடும். ஈ.டி.என்.ஆர்.பி என்ற மரபணுவில் உள்ள மாற்றம் அது. கருவில் தோலுக்குப் போகும் நிறமிச் செல்களுக்கும் குடலுக்குப் போகும் நரம்புச் செல்களுக்கும் அந்த மரபணு வேண்டும். அது இரண்டு பிரதியிலும் கெட்டுப்போனால் இரண்டு வகைச் செல்லும் போய்ச் சேர்வதில்லை. இது 1998-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. நான் சேர்த்தபோது சோதனை இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நம்பிச் செய்யாமல் விட்டேன். என் பெண் குதிரைக்கு இருந்தது வெறும் பட்டை. வெள்ளையே இல்லாத மாதிரி இருக்கும் குதிரையிலும் அது ஒளிந்திருப்பதுண்டு.

உங்கள் குட்டி பால் குடித்து மலம் கழித்து ஆறு நாளைத் தாண்டிவிட்டான், உடம்பும் செவலை. அவனுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அவன் பெற்றோரில் யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. இருவரிடமும் ஃபிரேம் இருந்தால் நான்கில் ஒரு குட்டி செத்துப்போகும். ஒருவரிடம் இல்லை என்று உறுதியானால் போதும், அந்தச் சாவு வராது.

மூன்று பேரின் மயிரையும் சோதனைக்கு அனுப்புங்கள். வேரோடு பிடுங்க வேண்டும், கத்தரிக்கோலால் வெட்டினால் பயனில்லை, வேரில்தான் தேவையான செல்கள் இருக்கின்றன. விரலில் சுற்றி ஒரே இழுப்பு, இருபது முப்பது மயிர். குட்டிக்குப் பிடரி மயிர் பூப்போல இருக்கும், வாலில் எடுங்கள். அதே மயிரிலேயே பெற்றோர் யார் என்றும் பார்த்துவிடலாம், ஊர்வாயும் அடங்கும்.


சேணமில்லாமல் எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். நான் காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதை யாரும் கேட்கவில்லை.

ஸ்பிளாஷ், ஃபிரேம் இரண்டிலுமே சில குதிரைகளுக்குக் காது கேட்காது. உள்காதிலும் நிறமிச் செல்கள் உண்டு, அங்குள்ள திரவத்தின் உப்புச் சமநிலையைக் காப்பது அவற்றின் வேலை. அவை போய்ச் சேராவிட்டால் ஒலியை வாங்கும் செல்கள் நாளடைவில் செத்துவிடுகின்றன. முகம் முழுக்க வெள்ளை, நீலக் கண் என்றாலே செவிடு என்று அர்த்தமில்லை, ஆனால் பார்த்துவிட வேண்டும்.

நான் பழக்கிய ஒரு பெண் குதிரை அப்படி. நான்கு வயதில் என்னிடம் வந்தாள். முரடு, பிடிவாதம், பின்னால் போனால் உதைக்கிறாள் என்று சொல்லி விட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் தீவன வாளி என் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. வரிசையில் இருந்த எல்லாத் தலையும் கதவுக்கு மேலே வந்தது, அவள் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். உதைத்ததெல்லாம் திடீரென்று யாரோ தொட்டதில் வந்த பயம். நான்கு வருடமாக அவளை அதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒரு சொல்கூட அவள் காதில் விழுந்ததில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

உங்கள் குட்டி படுத்திருக்கும்போது, அவன் கண்ணில் படாத இடத்திலிருந்து காகிதத்தைக் கசக்கிப் பாருங்கள். காற்று அவன் மேல் படக் கூடாது, தரை அதிரக் கூடாது. தாய் எழுந்து நின்றால் அவளைப் பார்த்து அவனும் எழுவான், அதனால் தாய் அசைவதற்கு முன்பு அவன் காது திரும்புகிறதா என்று கவனியுங்கள். பல முறை செய்தால்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் மூளைத்தண்டு செவிச் சோதனை இருக்கிறது, தலையில் மின்முனை வைத்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.


மரபுக்கோடு எழுதியது:

எனக்குக் குதிரை வளர்த்துப் பழக்கமில்லை, மரபியல் படித்தவன். அந்தச் செவலைத் தீவும் கண்ணைச் சுற்றிய வளையமும்தான் என்னை எழுத வைத்தன.

கருவில் நிறமிச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் இடத்துக்குப் பக்கத்தில், நரம்பு முகடு என்ற பகுதியில் பிறக்கின்றன. அங்கிருந்து நடந்து போய்த்தான் உடல் முழுக்கப் பரவ வேண்டும். போகும் வழியில் பெருக வேண்டும், சாகாமல் இருக்க வேண்டும். நெற்றி, மூக்கு, கால் நுனி, அடிவயிறு எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடங்கள். செல்கள் புறப்படத் தாமதமானாலோ எண்ணிக்கை குறைந்தாலோ முதலில் வெறுமையாக நிற்பது இந்த இடங்கள்தான். கிட், எம்.ஐ.டி.எஃப், பேக்ஸ்-3, ஈ.டி.என்.ஆர்.பி என்று குதிரையின் வெள்ளைக்குக் காரணமான மரபணுக்கள் பலவும் இந்தப் பயணத்தோடு தொடர்புள்ளவை. முன்னால் போன ஒரு சின்னக் கூட்டம் மட்டும் பிழைத்துப் பெருகினால் வெள்ளைக்கு நடுவே தீவு கிடைக்கும். உங்கள் குட்டியின் நாசிக்கு மேல் இருப்பது அதுவாகத்தான் இருக்க வேண்டும். சில குதிரைகளுக்கு முகம் வெள்ளையாகி, நெற்றியில் மட்டும் நட்சத்திரம் போல நிறம் நிற்கும், வழக்கமான சுட்டிக்கு நேர்த் தலைகீழாக.

இந்தப் பயணத்தில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்மார்ட் லிட்டில் லீனா என்ற குவார்ட்டர் இனக் குதிரையை நகலெடுத்து ஐந்து குட்டிகள் பிறந்தன. நகல் என்பதால் ஒரே மரபணுத் தொகுப்பு, ஆனால் முகத்து வெள்ளை ஒன்றுக்கொன்று மாறியிருந்தது. ஆகவே அதே ஜோடியைச் சேர்த்தால் இதே முகம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பெற்றோரிடம் இல்லாத வெள்ளை புதிதாக முளைப்பதும் உண்டு. ஜப்பானில் 1996-இல் ஷிராயுகிஹிமே என்ற வெள்ளைப் பந்தயக் குதிரை பிறந்தது. தாயும் தந்தையும் வெள்ளை அல்ல. கிட் மரபணுவில் அதற்குப் புதிதாக ஒரு மாற்றம் ஏற்பட்டிருந்தது. அதன் பேத்தி சோதாஷி 2020 டிசம்பரில் முதல்நிலைப் பந்தயம் ஒன்றில், அதாவது மிக உயர்ந்த தரப் பந்தயத்தில், வென்றது, அந்த நிலையில் வென்ற முதல் வெள்ளைக் குதிரை அதுதான். ஆனால் இப்படி முளைப்பது அபூர்வம். உங்கள் விஷயத்தில் பெற்றோரிடம் மறைந்திருந்தவை ஒன்றுகூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு கூடுதல் தகவல், எனக்குப் பிடித்தது. சைபீரியாவில் 1959-இல் தொடங்கி நரிகளைச் சாதுவாக இருப்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நிறத்தை யாரும் கவனித்துத் தேர்வு செய்யவில்லை. ஆனாலும் பத்துத் தலைமுறைக்குள் சில நரிகளின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வந்துவிட்டது.


செவலைக்குட்டி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிவு வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அந்தப் பருவத்தில் சேர்க்கவில்லை அக்கா.

குட்டிக்கு எஸ்.டபிள்யூ-1 ஒற்றைப் பிரதி. டபிள்யூ-20 என்று வெள்ளைக்கான இன்னொரு மரபணு மாற்றமும் ஒற்றைப் பிரதி. ஃபிரேம் இல்லை. தாய்க்கு எஸ்.டபிள்யூ-1 இல்லை, டபிள்யூ-20 ஒன்று இருக்கிறது. அடுத்த வரியை மூன்று முறை படித்தேன்: தாய்க்கு ஃபிரேம் ஒற்றைப் பிரதி. நகம் அளவு சுட்டி உள்ள குதிரைக்கு!

தந்தையின் உரிமையாளர் மயிரை வெட்டி அனுப்பிவிட்டார், வேர் இல்லை, மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் போய் நானே பிடுங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் கோடு நீங்கள் சொன்னபடியேதான், மேலுதட்டில் அகலமாகி இரண்டு நாசிக்கும் நடுவே நிரம்பி நிற்கிறது. இத்தனை நாள் பார்த்தும் கவனிக்கவில்லை.

காகிதச் சோதனையும் செய்தேன். எட்டு முறை. எட்டு முறையும் தாயின் காது திரும்பியது. அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். மருத்துவரிடம் செவிச் சோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன்.


பழைய லாயம் எழுதியது:

நீங்கள் காத்திருந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், தம்பி. டபிள்யூ-20 தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, இன்னொரு வெள்ளையோடு சேர்ந்தால் அதைக் கூட்டிவிடும். எஸ்.டபிள்யூ-1, டபிள்யூ-20, செவலை உடல் மூன்றும் சேர்ந்ததுதான் உங்கள் குட்டியின் முகம். எஸ்.டபிள்யூ-1 தாயிடம் இல்லாததால் அது தந்தை வழி வந்திருக்க வேண்டும். வேலி தாண்டியவன் யாரும் இல்லை என்பதற்கு அதுவே பாதிப் பதில்.

தந்தைக்கு ஃபிரேம் இல்லை என்று தாள் வரும் வரை சேர்க்காதீர்கள். இல்லை என்று வந்தாலும், அவளுக்குப் பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு அது போகும். அவள் உங்களிடம் வருவதற்கு முன்பு வேறு குட்டி ஈன்றிருந்தால், அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெள்ளையே இல்லை என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.


சேணமில்லாமல் எழுதியது:

சோதனை நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே தொடங்குங்கள். எப்போதும் அவன் கண்ணில் பட்டபடி, முன்பக்கமாகவே போங்கள். படுத்திருந்தால் எட்ட நின்று காலால் தரையைத் தட்டுங்கள், அதிர்வு அவனுக்குத் தெரியும். தலை தூக்கிப் பார்த்த பிறகு போய் இடது தோளில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணும் வரை எடுக்காமல் இருங்கள். தினமும் அதே இடம், அதே அழுத்தம். வீட்டில் எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும், வருகிற விருந்தாளியும்கூட. என் குதிரைக்கு அது பிடிபட இரண்டு வாரம் ஆனது, நான்கு வருடப் பயத்தோடு வந்தவள் அவள். உங்கள் குட்டிக்கு அவ்வளவு நாள் ஆகாது.